எனக்கு நானே கொடுத்த வாடகை

“…அதோடை ஐயா, கிணறும் முழுக்க எங்கடை எண்டு சொல்லேலாது. பாதிதான்…”

அந்த இடத்தில் என் மாமனாரின் குரல் நின்றுவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கொழும்பிலிருந்து வந்த வருமானவரி அதிகாரி. யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியில் அவருக்கென்று ஒரு சிறிய அறையை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். அவருடைய பேனா காகிதத்தில் முட்டியபடி காத்துக்கொண்டு நின்றது. அறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. வெளியே மர வாங்கில் இருந்தபடி எங்கள் ஊர்ச் சுருட்டு முதலாளி தன்னுடைய முறைக்காகக் காத்திருந்தார். ஆள்தான் வெளியே; காது எங்களோடு அறைக்குள் வந்து குந்தியிருந்தது. மாமனார் மெல்லத் திரும்பி அந்தக் கதவைப் பார்த்தார். எழும்பி நடந்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நடந்தால் நாங்கள் குடியிருக்கும் வீடு போய்விடும் என்பதுதான் அன்றைக்கு என்னுடைய பயம்.

ஒரு கிணற்றில் பாதி என்று சொல்வதற்கு ஒரு மனிதர் ஏன் அவ்வளவு பாடுபட வேண்டும் என்று கேட்பீர்கள். அதற்கு என் கலியாணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பார்கள். மாப்பிள்ளை போய் அந்த வீட்டில் இருப்பான். வீடும் அதைச் சுற்றியுள்ள வளவும் பெண்ணின் பெயரில் சீதன உறுதிப் பத்திரமாக எழுதப்படும். எங்கள் கலியாணத்துக்கு முதல் உறுதி எழுதும் நொத்தாரிசு வந்து, இரண்டு பக்கத்தாரும் கூடியிருக்க, அந்த உறுதியை வாசித்தார். தாலி கட்டுவதைப் பார்க்க வராத ஆட்களும் உறுதி வாசிப்பதைக் கேட்க வந்திருந்தார்கள்.

எனக்கு அந்த நேரம் கொக்குவிலில் இரண்டு வீட்டில் பேசியிருந்தார்கள். ஒன்று இந்த மாமனார் வீடு, மற்றது சுருட்டு முதலாளி வீடு. நானோ ஒரு புகையிலை வியாபாரியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். பள்ளிக்கூடப் படிப்பு அரைவாசியில் நின்றுபோயிற்று. சாமான் சுற்றக் கடைக்கு வரும் பழைய பேப்பர்களை வாசித்து வாசித்துக் கொஞ்சம் இங்கிலீசு பிடித்து வைத்திருந்தேன். அப்படிப்பட்டவனை இரண்டு வீட்டார் கேட்டது எனக்கே புதினம்தான். “பெடியன் கதைக்கத் தொடங்கினால் கேட்டுக்கொண்டிருக்கலாம். வேறை என்ன கிடக்கு அவனிட்டை?” என்று என் சொந்தச் சித்தப்பாவே சொன்னார்.

சுருட்டு முதலாளி நல்ல கல்வீடு தருவதாகச் சொல்லிவிட்டார். மாமனாருக்கு அது பொறுக்கவில்லை. அவர் வெங்காயத் தோட்டம் செய்பவர். மகளுக்கென்று அவர் கட்டிய வீட்டில் முன்னறை இரண்டும் கல்லும் ஓடும். பின்பக்கம் மண்சுவரும் தென்னோலைக் கிடுகுக் கூரையும். கிணறு பக்கத்து வளவோடு பங்கு. ஆனால் உறுதி வாசித்த அன்றைக்குச் சபையின் காதில் விழுந்தது வேறு. கல்வீடு, கிணறு, வளவு நிறையப் பயன்தரு மரங்கள், இன்ன பெறுமதி. அந்தப் பெறுமதிக்கு வந்ததும் நொத்தாரிசே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மாமனாரைப் பார்த்தார்.

“அண்ணை, உந்தப் பெறுமதிக்கு முத்திரைக் காசு கூடப் போகுமெல்லே?”

“போகட்டும். நீர் வாசியும். உரத்து வாசியும்.”

உரத்துத்தான் வாசித்தார். கூட்டத்தில் இருந்த சுருட்டு முதலாளி வெற்றிலைத் தட்டத்தை ஒரு சாண் அப்பால் தள்ளி வைத்தார். மாமனாருக்கு அது போதுமாக இருந்தது. அதை யாரும் பொய்யென்று சொல்லவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் மனதுக்குள் கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டுதான் கேட்டார்கள். அவரவர் பிள்ளைக்கு அவரவரும் அப்படித்தான் எழுதுவார்கள். உறுதி என் மனைவியின் பெட்டகத்துக்குள் போயிற்று. பின்பக்கம் மழைக்கு ஒழுகியது. நாங்கள் சுகமாகத்தான் இருந்தோம்.

சில வருடங்கள் கழித்து எனக்குப் பட்டினத்தில் ஒரு கொம்பனியின் கிளைக் கந்தோரில் காசாளர் வேலை கிடைத்தது. புகையிலைக் கடையில் சம்பளம் என்றால் முதலாளி மடியிலிருந்து எடுத்துத் தருவார், நான் மடியில் கட்டிக்கொண்டு வருவேன்; எழுத்து ஒன்றும் கிடையாது. கொம்பனியில் கதிரை, மின்விசிறி, கையெழுத்து வைத்துச் சம்பளம். காசு புழங்குகிற வேலை என்பதால் சொத்துப் பிணை கேட்டார்கள். மனைவி பெட்டகத்தைத் திறந்து உறுதியை எடுத்துத் தந்தாள்.

“பவுத்திரமாய்க் கொண்டுபோய்க் கொண்டுவாங்கோ. உது அப்புவின்ரை சீவன்.”

மனேச்சர் உறுதியில் இருந்த பெறுமதியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு எழும்பி நின்று கை கொடுத்தார். நான் வெயிலில் பறந்து வீட்டுக்கு வந்தேன்.

வருமானவரி என்பது அப்போதுதான் இலங்கைக்குப் புதிதாக வந்திருந்தது. பெரிய தோட்டத்துரைமாருக்கும் கொழும்புக் கடைக்காரருக்கும் உரிய வியாதி என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கொம்பனிகள் தங்களிடம் வேலை செய்பவர்களின் பெயரையும் சம்பளத்தையும் வரிக் கந்தோருக்கு அனுப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. ஒருநாள் எனக்கும் ஒரு படிவம் வந்தது. குடியிருக்கும் வீடு சொந்தமா, யார் பெயரில், பெறுமதி என்ன என்று கேட்டிருந்தது. பெட்டகத்தில் உறுதி இருக்கிறதே! பார்த்து அப்படியே எழுதி அனுப்பினேன்.

பிறகு வந்தது கடிதம்.

தபாற்காரரின் சைக்கிள் மணி இன்றைக்கும் எனக்கு நல்ல சத்தமாகக் கேட்பதில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல் சொல்லாக வாசித்தேன். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. எல்லாம் சேர்ந்தபோது ஒன்றும் விளங்கவில்லை. முதலில் என் சம்பளம். அது சரி. அதற்குக் கீழே வீட்டால் வரும் வருமானம் என்று ஒரு தொகை. அதற்குக் கீழே மனைவியின் வளவுக் காணி மரங்களால் வருவது. எல்லாம் கூட்டி, வரிவிலக்கு வரம்பைத் தாண்டிவிட்டது என்று சொல்லி, வரி இவ்வளவு என்று போட்டிருந்தது. என்னுடைய பல மாதச் சம்பளம் அது. கட்டாவிட்டால் சொத்தின் மேல் நடவடிக்கை. ஆட்சேபம் இருந்தால் கச்சேரிக்கு வந்து அதிகாரியிடம் சொல்லலாம்.

“வீட்டாலை எங்களுக்கென்ன வருமானம்?” என்று மனைவி கேட்டாள். “ஆரும் வாடகைக்கு இருக்கினமோ?”

“நாங்கள்தான் இருக்கிறம்.”

“அப்ப வாடகை ஆர் தாறது?”

“நான்தான்.”

“ஆருக்கு?”

“எனக்குத்தான் போலை கிடக்கு.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவள் சிரிப்பு பாதியில் நின்றது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் சிரிப்பே இல்லை.

என் கண்ணுக்கு முன்னால் மானிப்பாயில் கண்ட ஒரு காட்சி வந்து நின்றுகொண்டது. ஒரு வீட்டைக் கடனுக்காகப் பறையடித்து ஏலம் கூறினார்கள். சைக்கிளில் போன நான் காலை ஊன்றிப் பார்த்தேன். ஊர்ச்சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. வீட்டுக்குள் ஒரு பெண் கதவின் பின்னால் நின்றாள். அவளுடைய சேலைத் தலைப்பு மட்டும் வெளியே தெரிந்தது. இப்போது அந்தச் சேலைத் தலைப்பு என் மனைவியுடையதாக மாறிவிட்டது. கோயிலில் மேளம் அடித்தாலும் எனக்கு நெஞ்சு இடித்தது. கந்தோரில் காசை எண்ணும்போது விரல் ஒட்டிக்கொண்டது. மனேச்சர் என்னைக் கூப்பிட்டால், ‘அறிந்துவிட்டார்’ என்றே எழும்பிப் போவேன். அவர் மை கேட்பார்.

எங்கள் வீட்டுக்கு மூன்று வளவு தள்ளி ஒரு மலாயாப் பென்சன்காரர் இருந்தார். ரெயில்வேயில் காலம் தள்ளிவிட்டுத் தொப்பியோடு ஊருக்கு வந்தவர். இங்கிலீசுக் கடிதம் என்றால் அவரிடம்தான் போகும்.

“என்ன காணும், பேயடிச்ச மாதிரி வாறீர்?” என்றார். கடிதத்தை வாசித்தார். “ஓ, பேய்தான்.”

“அண்ணை, பகிடி விடாதையுங்கோ. எனக்கு இதைத் தமிழிலை சொல்லுங்கோ.”

“சொல்லுறன், இரும். சொந்த வீட்டிலை இருக்கிறவனுக்கு வாடகை மிச்சமெல்லே? அந்த மிச்சமும் வரும்படி எண்டு சட்டம் சொல்லுது.”

“வீடு என்ரை இல்லையே. அவளின்ரை.”

“பெண்சாதியின்ரை வரும்படி புருசன்ரை கணக்கிலைதான் ஏறும்.”

“அதெப்பிடி அண்ணை? சீதனம் அவளின்ரை சொத்து. அவளைக் கேளாமல் அந்த வளவிலை ஒரு ஓலைகூட நான் வெட்டேலாது.”

“அது எங்கடை தேசவழமை. உது கப்பலிலை வந்த சட்டம். அதுக்கு எங்கடை வழக்கம் தெரியாது, நீர் சொல்லிக் குடுக்கவும் ஏலாது.” அவர் கடிதத்தைத் திருப்பி ஒருமுறை பார்த்தார். “அது கிடக்கட்டும். உந்தப் பெறுமதி எங்கையிருந்து வந்தது? உந்தக் காசுக்குப் பட்டினத்திலை மேல்மாடி வாங்கலாமே!”

“உறுதியிலை இருக்கு. மாமா எழுதினது.”

மனிதர் சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “தேப்பன்மார் உறுதியிலை வீட்டின்ரை அளவையே எழுதுறவை? தங்கடை நெஞ்சின்ரை அளவையெல்லோ எழுதுறவை!”

“அப்ப வேலை மாறினதாலை வந்த வினையோ அண்ணை இது? புகையிலைக் கடையிலை இருந்த மட்டும் ஒருத்தரும் கேக்கேல்லையே.”

“அப்ப உம்மை ஒருத்தருக்கும் தெரியாது காணும். இப்ப உம்மை அரசாங்கத்துக்குத் தெரியும்.”

அவர் சும்மா சொன்னதுதான். அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு நான் வீட்டுக்கு நடந்தேன். அரசாங்கத்துக்கு என்னைத் தெரியும். வேலிப் பொட்டு ஓட்டைக்குள்ளால் யாரோ பார்ப்பது போல இருந்தது.

தப்புவதற்கு வழியையும் அவர்தான் சொன்னார். சம்பளத்தில் கை வைக்க முடியாது. காணி வருமானம் பெரிதில்லை. வீட்டின் பெறுமதி விழுந்தால் எல்லாம் வரம்புக்குக் கீழே விழும். “நீர் போய்க் குறைச்சுச் சொன்னால் எடுபடாது. வரிக்குப் பயந்து சொல்லுறான் எண்டுவினம். பெறுமதியை எழுதிவிச்ச மனுசன் வந்து, தன்ரை வாயாலை, அது அவ்வளவு பெறாது எண்டு சொல்லவேணும்.”

மாமனார் வந்து சொல்வதா! அதைவிட ஏலக்காரனை எதிர்கொள்வது சுலபம் போலத் தெரிந்தது. இருந்தாலும் போனேன். கடிதத்தைக் காட்டினேன். அவர் முதலில் கேட்டது இதுதான்:

“இங்கிலீசிலை என்ன பெறுமதி போட்டிருக்கு?”

வாசித்தேன்.

“இன்னொருக்கா வாசியும் தம்பி.”

வாசித்தேன். முகம் மலர்ந்து போயிற்று. “பாத்தீரே! அரசாங்கமே ஒத்துக்கொண்டிட்டுது.”

அடுத்த நாள் ஊர் முழுக்கத் தெரியும். கொக்குவில் ரெயில் ஸ்ரேசனில் சுருட்டு முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார்.

“உம்மடை வீட்டுக்கு வரி வந்திருக்காமே? எனக்கும் கடுதாசி வந்திருக்கு, தொழிலுக்கு. பத்துப் பேரை இருத்திச் சுருட்டுச் சுத்துவிக்கிறன், எனக்கு வரும். உமக்குச் சும்மா படுத்து எழும்புற வீட்டுக்கே வந்திட்டுது! மாமா உமக்கு மாளிகை எல்லோ தந்திருக்கிறார்!”

அன்று மாலையே மாமனாரிடம் போய் விசயத்தை உடைத்துச் சொன்னேன். வரி கட்ட என்னிடம் வழியில்லை, கட்டாவிட்டால் வீட்டில் கை வைப்பார்கள், அவர் வந்து சொன்னால்தான் வீடு தப்பும். அவர் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“சபையிலை வாசிச்சது அது. சபையிலை வாசிச்சதைக் கச்சேரியிலை போய் இல்லையெண்டு சொல்லச் சொல்லுறீரோ?”

“மாமா, வீடு…”

“அந்த வீட்டை நான் மண் சுமந்து கட்டினனான். எனக்குத் தெரியும்.”

தேத்தண்ணி அப்படியே இருக்க எழும்பித் தோட்டத்துக்குப் போய்விட்டார். பொழுது பட்ட பிறகு தோட்டத்தில் என்ன வேலை? வெங்காயப் பாத்தியின் நடுவில் அவர் சும்மா நிற்பது வீட்டிலிருந்து தெரிந்தது.

கச்சேரிக்குப் போக வேண்டிய நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சுவரைப் பார்த்தாலும் கூரையைப் பார்த்தாலும் பிரியாவிடை சொல்வது போல இருந்தது. முன்பு திட்டிக்கொண்டு அடைத்த ஒழுக்குகள்கூட எங்களுடையவை என்று தோன்றியது. மனைவி ஒருநாள் பேசாமல் தகப்பன் வீட்டுக்குப் போய் வந்தாள்.

“என்ன சொன்னனீர்?”

“‘அப்பு, மழைக்கு ஒழுகிற பக்கத்திலை இருந்துதான் நான் சமைக்கிறன். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த அதிகாரிக்கும் தெரிஞ்சால் என்ன?’ எண்டனான்.”

“அதுக்கு மாமா?”

“வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தார். கட்டிக்கொண்டே இருந்தார்.”

அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அவர் வருவாரா வரமாட்டாரா என்று தெரியாமலே அந்த நாள் காலை ஸ்ரேசனுக்குப் போனேன். மாமனார் எனக்கு முந்தி வந்து நின்றார். முழுகி, திருநீறு பூசி, வெளுத்த சால்வையும் குடையுமாக. என்னைப் பார்க்கவில்லை. தன்னுடைய ரிக்கற்றைத் தானே எடுத்தார். வண்டியில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், யாழ்ப்பாணம் வரப்போகிற நேரம் ஒன்று மட்டும் கேட்டார்.

“அங்கை எங்கடை ஊர்ச்சனம் ஒருத்தரும் வராதெல்லே?”

“வராது மாமா.”

கச்சேரி விறாந்தையில் ஏறியதும் வாங்கில் சுருட்டு முதலாளி இருந்தார்.

“ஓ! வாங்கோ, வாங்கோ, மாளிகைக்காரர்! என்னைத்தான் முதல் கூப்பிடுவினம் எண்டு இருக்கிறன். நீங்கள் போறதெண்டாலும் போங்கோ, எனக்கு அவசரமில்லை.”

குடைப்பிடியை மாமனாரின் விரல்கள் இறுக்கியதைக் கண்டேன். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து என் பெயரைத்தான் கூப்பிட்டார்கள்.

அதிகாரி தமிழர்தான். கொழும்பில் இருந்து இருந்து பேச்சில் மெருகு ஏறியிருந்தது. மாமனாரைக் கதிரையில் இருக்கச் சொன்னார். நான் பின்னால் நின்றேன்.

“உறுதியிலை உள்ள பெறுமதியை எழுதுவிச்சது நீங்களோ?”

“ஓம் ஐயா.”

“அது சரியான பெறுமதியோ?”

மாமனார் சால்வையின் ஓரத்தை நீவிவிட்டார்.

“கல்வீடு எண்டு இருக்கு. முழுக்கக் கல்லோ?”

மாமனார் ஏதோ சொன்னார். எனக்கே கேட்கவில்லை.

“கொஞ்சம் உரத்துச் சொல்லுங்கோ.”

வெளியே வாங்கு கிறீச்சிட்டது. யாரோ கதவுப் பக்கம் நகர்ந்து இருந்தார்கள். மாமனார் தொண்டையைச் செருமினார். வீட்டுக்குள் போகத் துணிவில்லாதவர் போல முற்றத்திலிருந்தே தொடங்கினார். வேலி ஒரு பக்கம் அடுத்த வளவுக்காரருடையது என்றார். தென்னையில் காய்க்காதவையும் உண்டு என்றார். அதோடை ஐயா என்று கிணற்றுக்கு வந்தார். பாதி என்றார். அந்தப் பாதியில்தான் குரல் நின்றது, தலை கதவுப் பக்கம் திரும்பியது.

“பாதிக் கிணறு,” என்று அதிகாரி எழுதினார். “பேந்து? வேறை என்ன?”

மாமனார் எழும்பினார். குடையைக் கையில் எடுத்தார். முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் நேரே கதவுக்கு நடந்தார். வெளியே சுருட்டு முதலாளி நிமிர்ந்து பார்த்து, பக்கத்தில் வந்து இருக்கட்டும் என்று வாங்கில் கொஞ்சம் இடம்விட்டு நகர்ந்தார். மாமனார் அவருடைய முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தி, கொண்டி போட்டு, இருண்டுபோன அறைக்குள் திரும்பி வந்தார். குடையைக் கதிரையின் முதுகில் கொழுவினார். சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மடியில் மடித்து வைத்தார். கதிரையை மேசையோடு நெருக்கி இழுத்து இருந்துகொண்டு, அடுக்களைச் சுவர் எந்த உயரம் வரைக்கும் மண் என்று அதிகாரிக்குக் கையால் காட்டத் தொடங்கினார்.